மலை பஸ்ஸை நிரப்பிய காலை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கம்பெனி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பனியில் அதன் முகப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தது. வழக்கமாக அந்த இடத்தில் ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அன்றைக்கோ ரோட்டின் இரண்டு பக்கமும் கம்பெனியின் நீலக் கோட்டு போட்ட பெண்களாக நின்றார்கள். எல்லோர் கையிலும் டிபன் பை. குளிருக்கு எல்லோரும் துப்பட்டாவால் காதை மூடியிருந்தார்கள். இவர்களில் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வெளி ஆள் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கள் திட்டமே அதுதான்.

காசியம்மா முகம் முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு வந்திருந்தாள். அவளை ஷூ கம்பெனியில் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி ஒரு தீபாவளி போய்விட்டது.

"இன்னாடி இது வேஷம்? உன்னப் பொண்ணு பாக்கவா வர்றாங்க?" என்றேன்.

"வேலைக்குப் போறவ மூஞ்சி இப்படித்தானக்கா இருக்கணும். எனக்கு மறந்தே பூட்ச்சு" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் பஸ்ஸே சிரித்திருக்கும். அன்றைக்கு ஒருத்தியும் சிரிக்கவில்லை. முன்சீட்டில், டிரைவர் சம்பத் அண்ணனுக்குப் பக்கத்தில், கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் செக்‌ஷன் பிரபு சார் உட்கார்ந்திருந்தார். இருட்டு பிரிவதற்குள் கார் அவரை மேலே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தது. மலை ரூட்டில் எத்தனை பேர் வருகிறோம் என்று எண்ணிப் பார்க்க வந்திருந்தார்.

நான் அந்த பஸ்ஸின் லீடர். லீடர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். யார் ஏறினார்கள், யார் லீவு என்று பார்த்துச் சொல்வது, சண்டை வந்தால் விலக்குவது, வாந்தி எடுப்பவளுக்கு ஜன்னல் சீட் வாங்கித் தருவது. இதற்கெல்லாம் கம்பெனி எனக்குத் தந்தது தோளில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். கோபக்காரி என்று பெயர் எடுத்தவளிடம்தான் இந்த வேலையைக் கொடுப்பார்கள். நான் அந்தப் பெயரைச் சின்ன வயதிலேயே எடுத்துவிட்டேன்.

வரும் வரும் என்றார்கள்

இந்த வாரம் பத்திரிகை முழுக்க உலகப் பொருளாதார மந்தநிலை பற்றித்தான் இருக்கப்போகிறதாம். "நீங்களும் ஏதாவது எழுதுங்கம்மா" என்று ஆசிரியர் போனில் சொன்னார். படித்தவர்கள் முன்பக்கங்களில் படம் போட்டு விளக்கியிருப்பார்கள். எனக்குப் படம் போடத் தெரியாது. நான் இருபது வருஷத்துக்கு மேல் ஷூவின் மேல்பாகம் தைத்தவள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

டிவியில் அப்போது தினமும் அதே பேச்சு. மந்தநிலை வரலாம், வரக்கூடும், வரும் அபாயம் இருக்கிறது என்று கோட்டு போட்ட ஆட்கள் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார்கள். எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் கம்பெனியில் சாம்பிள் ரூம் என்று ஒன்று உண்டு. அடுத்த சீசனுக்கான மாதிரி ஷூவை முதலில் அங்கேதான் செய்வார்கள். அதை வெளிநாட்டுக்காரன் பார்த்துப் பிடித்திருந்தால்தான் எங்களுக்கு ஆர்டர். அந்த ரூமில் ஃபேன் ஓடாமல் நின்று பல வாரம் ஆகியிருந்தது. பசை வாசனைகூட வரவில்லை. டிவிக்காரர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்போம்.

கணக்கு ரொம்ப எளிது. கடல் தாண்டி எங்கேயோ ஒருத்தி, ஊர் நிலவரம் சரியில்லை, இந்தக் குளிருக்குப் பழைய ஷூவே போதும் என்று முடிவு செய்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் அவளைப் போல நிறையப் பேர் நினைத்தால், ஜவ்வாது மலையில் காசியம்மாவுக்கு வேலை போய்விடுகிறது.

வேலை போவதும் ஒரே நாளில், எல்லோருக்கும் சேர்த்துப் போகவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது சூப்பர்வைசர் ஒருத்தியை மட்டும் ஓரமாகக் கூப்பிடுவார். "ஆர்டர் கொஞ்சம் கம்மியா கீதும்மா. வந்ததும் நாங்களே கூப்பிட்றோம்" என்பார். கேட்டில் காட்டுகிற கார்டை வாங்கிக்கொள்வார். கோட்டைக் கேட்க மாட்டார். கோட்டு நம் கையில் இருக்கும்வரை திரும்பக் கூப்பிடுவார்கள் என்று எங்கள் பெண்கள் நம்பினார்கள். அதைத் துவைத்து, மடித்து, அலமாரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

காவலூரில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிற ஆபீஸ் வாசலில் ஒருவர் தினமும் பிளாஸ்க்கோடு நிற்பார். ராத்திரி டியூட்டி முடித்து அவர் தூங்கப் போகிற நேரமும் நாங்கள் வேலைக்குப் போகிற நேரமும் ஒன்று. பஸ் அங்கே நின்று ஆள் ஏற்றும்போது காசியம்மா ஒருநாள் ஜன்னல் வழியாக அவரிடம் கேட்டாள். "எம்மாந்தூரத்துல இருக்கறத எல்லாம் பாக்குறீங்களே, எங்களுக்கு ஆர்டர் எப்ப வரும்னு ஏதாச்சும் தெரியுதாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்க பாக்கறதெல்லாம் எப்பவோ நடந்து முடிஞ்சதும்மா" என்றார். அடுத்த வாரமே காசியம்மாவின் கார்டை வாங்கிவிட்டார்கள்.

அம்சா

எனக்குப் பக்கத்துச் சீட் எப்போதும் அம்சாவுக்கு. என் வீட்டுக்காரருடைய தம்பி ஏழுமலையின் மனைவி. எனக்கு ஓரகத்தி. ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி, தனித்தனி அடுப்பு. அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டாவது யூனிட்டில் அடிப்பாகம் ஒட்டுகிற வேலை பார்த்தாள். அந்த யூனிட்டுக்கு வாசலே வேறு. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சாயங்காலம் பஸ்ஸில்தான் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அவள் வேலைக்கு வந்ததே ஒரு போராட்டம். ஏழுமலைக்கு அதில் இஷ்டமே இல்லை. சாமை விதைக்கவும் களை எடுக்கவும் நிலத்தில் ஆள் வேண்டும் என்பான். அம்சா ஒரு மாதம் அவனோடு பேசாமல் இருந்துதான் கோட்டு போட்டாள். ஊரில் வேலை போகிற பேச்சு வந்ததும் அவன் வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

"கம்பெனி ஒரு தடவ வேணாம்னு சொல்ட்டா அதோட முடிஞ்சுது. அப்பால அவங்களே வந்து கூப்ட்டாலும் நீ போவக்கூடாது. வூட்ல இரு."

நான் அவளிடம் அவ்வப்போது கேட்பேன். "உங்க யூனிட்டுல எப்டிடி கீது?"

"ஒண்ணும் பிரச்சன இல்லக்கா. ஓடுது" என்பாள்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் மெஷின்கள் படுத்துக் கிடக்க, அந்தப் பக்கம் ஓடுகிறதே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிய மூளை

சம்பத் அண்ணன்தான் சேதி கொண்டுவந்தார். அவர் ராத்திரி பஸ்ஸோடு எங்கள் ஊரிலேயே தங்குகிறவர். கீழே ஆபீஸில் டீசல் செலவைப் பற்றிப் பெரிய பேச்சாம். முதலில் மலை ரூட்டில்தான் கை வைப்பார்களாம். பிரபு சார் வந்து ஆள் எண்ணப் போகிறாராம்.

"சீட்டு காலியா கெடந்துச்சுன்னு வச்சுக்க, பஸ்ஸ நிறுத்திடுவாங்க" என்றார்.

அவர் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. அரசு பஸ் எங்கள் ஊருக்கு வெயில் ஏறின பிறகுதான் வரும். அதற்குள் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள். கம்பெனி பஸ் வராவிட்டால், வேலை மிச்சம் இருப்பவர்களுக்கும் வேலை இல்லை. காவலூருக்கு மேலே இருக்கிற அத்தனை ஊர்ப் பெண்களும் ஒரே நாளில் வீட்டோடு நிற்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால், பிள்ளைகள் குறைவு என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடப் பார்த்தார்கள். அதிகாரி பார்க்க வருகிற நாளில் ஊர் கூடி, வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று முடிவு செய்தோம். பால் மறக்காத குழந்தையைக்கூடச் சட்டை போட்டுக் கொண்டுபோய் உட்கார வைத்தோம். பக்கத்து ஊரிலிருந்து விருந்துக்கு வந்த பிள்ளைகளும் பெஞ்சில் ஏறின. அதிகாரி அசந்துபோய்விட்டார். பள்ளிக்கூடம் பிழைத்தது.

ரோடு கேட்டபோதும் அதேதான். சாவு, கல்யாணம், திருவிழா எதுவானாலும் எங்கள் மலையில் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து நிற்பது வழக்கம். ஆள் நின்றால் காரியம் நடக்கும் என்பது எங்கள் அனுபவம். அது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அதனால் காசியம்மா யோசனை சொன்னபோது யாருக்கும் புதிதாகத் தோன்றவில்லை.

"கோட்டு கையில கீது. மூஞ்சி இருக்குது. அன்னிக்கு ஒரு நாள் நாங்களும் ஏறி ஒக்காந்துக்கறோம். இன்னா பெரிய விஷயம்?"

"மாட்டிக்கினா?" என்றேன்.

"கார்ட கேட் வாசல்லதான கேப்பாங்க. பஸ்ல தலைய மட்டுந்தான எண்ணுவாங்க."

அது சரிதான். கேட்டில் எல்லா ரூட் பஸ்ஸும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். கூட்டத்தில் எது மலை ஆள், எது ஊர் ஆள் என்று பிரிக்க முடியாது. ஆனாலும் ஒரு பயம் எனக்கு இருந்தது. வேலை இல்லாமல் கோட்டு போட்டு ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால், நாளைக்கு ஆர்டர் வந்தாலும் இவர்களைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அதைக் காசியம்மாவிடம் சொன்னேன். 

"பஸ்ஸே இல்லன்னா கூப்ட்டு மட்டும் எதுலக்கா போவேன்?" என்றாள்.

அம்சா இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஓரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பயந்த சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

இறக்கம்

பஸ் கிளம்பியது. அடுத்த ஊரில் கூட்டம் ஏறியது. அதற்கடுத்த ஊரிலும். காவலூரைத் தாண்டும்போது ஒரு சீட்டும் காலி இல்லை. பிரபு சார் ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பிப் பார்த்தார். அவருடைய உதடு லேசாக அசைவது எனக்குத் தெரிந்தது. எண்ணுகிறார்.

கெட்ட மனுஷர் இல்லை அவர். ஒடுகத்தூர்ப் பக்கத்து ஆள். எங்களை வா போ என்று பேசியதே கிடையாது. அதனாலேயே எனக்குச் சங்கடமாக இருந்தது. சிடுமூஞ்சி ஒருவரை அனுப்பியிருந்தால் நிம்மதியாக ஏமாற்றியிருக்கலாம்.

முதல் வளைவில் அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்தார்.  நேராகக் காசியம்மாவிடம் போய் நின்றார்.

"நீங்க எந்த லைன்மா?"

"மூணாவது லைனுங்க சார். நாக்கு தைக்கிறேன்" என்றாள் காசியம்மா, கண் இமைக்காமல். ஷூவின் நாக்கைத்தான் சொன்னாள். பல வருஷம் அதைத்தான் தைத்தாள். அதில் பொய் இல்லை, காலம்தான் தப்பு.

"வேல எப்டி போவுது?"

"போவுதுங்க சார்."

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பஸ்ஸில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. எங்கள் பெண்கள் இப்படி வாய் மூடி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதுவே காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து, பின்சீட்டைப் பார்த்து, "ஏம்மா, எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டேன்.  அம்சாவின் தோள் என் மேல் பட்டுக்கொண்டிருந்தது. அவள் நடுங்குவதைக் குளிர் என்று நினைத்தேன்.

மலை இறங்கி முடிந்ததும் பிரபு சார் பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னார். அடிவாரத்தில் டீக்கடை இன்னும் திறக்கவில்லை. சம்பத் அண்ணன் இன்ஜினை அணைத்தார்.

பிரபு சார் சொன்னது

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்கம்மா" என்று ஆரம்பித்தார். குரல் தயங்கியது.

"நான் பஸ்ஸ நிறுத்த வரல. ஆளு கொறஞ்சிருப்பாங்க, பெரிய பஸ்ஸு வீண், மலைக்கு ஒரு வேன் போட்டுடலாம்னு ஆபீஸ்ல பேசி வச்சிருந்தேன். வேனுக்கு ஒத்துக்கினாங்க. அதுக்கு எத்தன பேருன்னு பாக்கத்தான் வந்தேன்."

அவர் பஸ்ஸை ஒரு முறை முன்னிருந்து பின்வரை பார்த்தார்.

"ஆனா இம்மாம் பேர் வர்றீங்க. வேன்ல எப்டி ஏத்துவேன்? பெரிய பஸ்ஸ மலைக்கு அனுப்ப இனிமே வுட மாட்டாங்க. அது முடிவாயிடுச்சு. திங்கக்கிழமையில இருந்து பஸ்ஸு இங்க அடிவாரத்தோட நிக்கும். நீங்க எப்டியாச்சும் எறங்கி வந்துடணும். எனக்கு வேற வழி தெரியலம்மா."

 ஆள் குறைவாக இருந்திருந்தால் வேன் வந்திருக்கும். நாங்கள் ஆளைக் காட்டி அதைக் கெடுத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் பலித்தது, ரோட்டில் பலித்தது, இங்கே எங்கள் கழுத்தையே அறுத்துவிட்டது.

கண்ணாடியில் சம்பத் அண்ணன் என்னைப் பார்த்தார். லீடர் நான்தான். நான் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் வேன் கிடைக்கும். ஆனால் யாரைக் காட்டிச் சொல்வது? யாரைக் காட்டினாலும் அவளைக் கம்பெனி இனி கூப்பிடாது. என் வேலைக்காக இன்னொருத்தியின் நம்பிக்கையைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை? வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் என்று பெயர் எடுத்த எனக்கு, அன்றைக்கு நாக்கு எழவில்லை.

பின்னால் சீட் கிறீச்சிட்டது. காசியம்மா எழுந்து நின்றாள்.

"சார், நான் சொன்னது பொய்யிங்க. எனக்கு வேல இல்ல. கார்ட வாங்கி ரொம்ப நாளாச்சு. பஸ்ஸு நின்னுடக் கூடாதுன்னு வந்து ஒக்காந்தேன். என்னக் கழிச்சுக்கங்க."

பிரபு சார் திகைத்துப்போய் நின்றார். அதற்குள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அப்புறம் ஜன்னலோரத்தில் ஒருத்தி. திட்டத்துக்கு ஒத்துக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். எல்லோரையும் எனக்குத் தெரியும். கடைசி ஆளும் எழுந்ததும், அவ்வளவுதான், முடிந்தது, இனி வேன் வந்துவிடும் என்று நான் மூச்சு விட்டேன்.

பிரபு சார் உட்கார்ந்திருந்தவர்களை மெதுவாக எண்ணினார். திரும்பவும் ஒரு முறை எண்ணினார்.

"இன்னும் நெறைய பேர் கீறீங்களேம்மா" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. "இத்தன பேருக்கே வேன் பத்தாது."

 திட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வேலையில் இருக்கிறவர்கள். அவர்களில் யாரைக் கழிக்க முடியும்? ரோட்டில் ஒரு பால் வண்டி போனது.

நடுச்சீட்டில் ஒரு பெண் எழுந்தாள். தினமும் என்னோடு வருகிறவள். அவள் எதற்கு எழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "எனக்கும் இல்லீங்க சார்" என்றாள். அவளுக்கு எதிர்ச்சீட்டில் இன்னொருத்தி எழுந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு முன்னால் ஒருத்தி. பிறகு மறுபடி பின்னால். இவர்களை எல்லாம் நான் தினமும் காலையில் எண்ணி, சாயங்காலம் எண்ணி, வேலைக்குப் போகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு யார் கேட்டுக்குள் போனார்கள் என்று நான் பார்த்ததே இல்லை.

என் தோளிலிருந்து அம்சாவின் தோள் விலகியது.

"ஒக்காருடி" என்றேன். அவள் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "உனக்கு இன்னா?"

அவள் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எத்தினி நாளா?" என்றேன். 

"காசியம்மாக்கா வேலைய வுட்டு நின்னதுக்கு முன்னாடியே."

"பகல் பூரா எங்கடி இருப்ப?"

"கேட்டுல எறங்கி அப்டியே டவுன் பஸ் புடிச்சு வந்த வழியே திரும்பி ஒடுகத்தூர் போய்டுவேன். அங்க வேர்க்கடல மண்டில பொறுக்குற வேல. சாயங்காலம் கேட்டுக்கு வந்துடுவேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அவருக்குத் தெரிஞ்சா அப்பால எங்கியும் வுட மாட்டாருக்கா" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வந்தது. அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரபு சார் இந்த முறை எண்ணவில்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தோம்.

"வேன் போதும்" என்றார். முன்னால் போய் உட்கார்ந்தார். நின்றவர்கள் பெயரை அவர் யாரிடமும் கேட்கவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் நான் நல்லபடியாக நினைக்கிறேன்.

சம்பத் அண்ணன் வண்டியை எடுத்தார். அம்சா குனிந்து என் காதருகே சொன்னாள்.

"இன்னிக்கு ஊர் பூரா தெரிஞ்சுடும். அதுக்குள்ள அவர்கிட்ட நீயே சொல்லிடுக்கா. என்னால முடியாது."

சரி என்று தலையாட்டினேன். எல்லாப் பக்கமும் சீட் காலியாகக் கிடந்தது. உட்காரச் சொல்லி அவள் கையைப் பிடித்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் இறங்க வேண்டிய ஒடுகத்தூர் வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தாள்.